புதிர்ப்படத்துப் பறவை: விடை தவறும்போது எங்கே பார்க்க வேண்டும்

ஒருவர் ஒரு பறவையின் படத்தைப் பெயர் சொல்லாமல் முன்வைப்பார். மற்றவர்கள் அது எந்த இனம் என்பதைக் காரணத்துடன் சொல்ல வேண்டும். குறித்த நேரம் கழிந்ததும் விடை வெளியாகும். விளையாட்டின் விதி இவ்வளவுதான். மயிலும் மீன்கொத்தியும் இதில் புதிராக வருவதில்லை. இலைகளுக்குள் பாதி மறைந்த கதிர்க்குருவி, முதுகைக் காட்டி நிற்கும் உள்ளான், புல்லில் பதுங்கிய நெட்டைக்காலி, வயது தெரியாத கழுகு, குளிர்காலக் கோலத்தில் இருக்கும் கடற்காகம் ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் விடை தவறியவர்கள் எழுதிய காரணங்களைப் படித்துப் பார்த்தால், பறவையைப் பற்றி அவர்கள் அறிந்திருப்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோளாறு படத்தைப் படித்த விதத்தில் இருக்கும். ஒளி மாற்றிவிட்ட நிறத்தை இறகின் நிறமாகவும், கோணம் குறுக்கிவிட்ட அலகைக் குட்டை அலகாகவும் எடுத்துக்கொண்டு, அந்தப் பிழையின்மேல் பிழையற்ற வாதம் ஒன்றைக் கட்டியிருப்பார்கள்.

ஆகவே இந்த வழிமுறை பறவை இனங்களின் வரிசையில் செல்லாமல், தடுமாற்றம் எந்த வடிவில் வெளிப்படுகிறதோ அந்த அறிகுறியின் வரிசையில் செல்கிறது. உங்கள் சிக்கலுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே செல்லலாம். நிறத்தைப் பற்றிய முதல் பகுதியை மட்டும் எப்படியும் படித்துவிடுவது நல்லது; பிந்தைய சிக்கல்களில் பல அங்கிருந்தே கிளைக்கின்றன.

அறிகுறி: நிறம் எந்த இனத்தோடும் பொருந்தவில்லை

பறவைக் கையேட்டில் பழுப்பு என்று இருக்கும் பறவை படத்தில் பச்சையாகத் தெரிகிறது. கால் மஞ்சள் என்று எழுதியிருக்க, படத்தில் அது கறுப்பாக இருக்கிறது. இந்நிலையில் புதிய இனத்தைத் தேடிப் போவதற்கு முன் ஒளியைச் சோதிக்க வேண்டும்.

படத்துக்குள்ளேயே இயல்பு நிறம் உங்களுக்குத் தெரிந்த ஒரு பொருளைத் தேடுங்கள். காய்ந்த கிளை, சாம்பல் நிறப் பாறை, வெண்மேகம், எச்சம் படிந்த கல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பெரும்பாலும் கிடைத்துவிடும். அதில் நீலம் பாய்ந்திருந்தால் பறவையின் மேலும் அதே நீலம் பாய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், பச்சை மிகுந்த காட்டிலும் நிழல் மிகுந்த நீர்நிலையிலும் அடிக்கடி தவறுகிறது. அடர்ந்த மரத்தின் உள்ளே இலைகளின் வழியே இறங்கும் ஒளி வெள்ளை வயிற்றின்மீது விழுந்து அதை மஞ்சள் கலந்த பச்சையாக மாற்றிவிடும். வயிறு வெண்மையா மஞ்சளா என்பதே முதற்கேள்வியாக இருக்கும் இலைக் கதிர்க்குருவிகளில் இதைவிடப் பெரிய பொறி வேறில்லை. மாலை வெயிலோ எல்லாச் சாம்பலையும் இளம்பழுப்பாக்கிவிடும்.

அடுத்து, மிகையான ஒளியையும் பார்க்க வேண்டும். படத்தின் மிகப் பிரகாசமான பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே இறகின் ஓரங்கூடத் தெரியாமல் வெறும் வெண்மை மட்டும் இருந்தால், அந்தப் பகுதியைப் பற்றி நீங்கள் எதையும் சொல்ல முடியாது. ‘மார்பில் கோடுகள் இல்லை’ என்று எழுதுவதற்கும் ‘மார்பில் கோடுகள் தெரியவில்லை’ என்று எழுதுவதற்கும் இடையிலுள்ள தொலைவில்தான் பாதி விடைகள் கவிழ்கின்றன.

பறவைகளின் நீலமும் உலோகப் பளபளப்பும் பெரும்பாலும் நிறமியால் வருவன அல்ல. இறகின் நுண்கட்டமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுகின்றன. ஒளி வரும் திசை மாறினால் அவை மாறும், சில வேளைகளில் முற்றிலும் அணைந்துவிடும். ஆண் ஊதாத் தேன்சிட்டு எதிரொளியில் வெறும் கறுப்புப் பறவையாகத் தெரிவதற்கு இதுவே காரணம். எனவே பளபளப்பு இருந்தால் அதைச் சான்றாகக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஒட்டிக்கொண்ட நிறங்களும் உண்டு. பூவுக்குள் தலை நுழைக்கும் பறவைகளின் நெற்றியில் மகரந்தம் அப்பி மஞ்சள் அல்லது செம்மஞ்சள் திட்டாகத் தெரியும். எந்தக் கையேட்டிலும் இல்லாத ‘மஞ்சள் நெற்றிக் கதிர்க்குருவி’ பிறப்பது இப்படித்தான். சேற்றில் நடக்கும் உள்ளானின் மஞ்சள் கால் முழங்கால் வரை கறுத்திருக்கும். சேறு என்றால் அதன் மேல்விளிம்பு ஒழுங்கற்று இருக்கும், இரு கால்களிலும் ஒரே உயரத்தில் நிற்காது.

இவ்வளவும் பார்த்த பின்னரும் ஐயம் தீராவிட்டால், படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் நீங்கியதும் எது கருமை, எது வெளிர், எங்கே கோடு, எங்கே பட்டை என்ற அமைப்பு மட்டும் எஞ்சும். கண்ணுக்கு மேலே ஓடும் புருவக்கோடு கண்ணோடு நிற்கிறதா, கண்ணைத் தாண்டிச் செல்கிறதா என்பது வண்ணப்படத்தைவிட இதில் தெளிவாகத் தெரிகிறது. எளிய இந்தச் சோதனையை மிகச் சிலரே செய்கிறார்கள் என்பது எனக்கு இன்னமும் வியப்பாகவே இருக்கிறது.

அறிகுறி: பறவை பெரியதா சிறியதா என்று தெரியவில்லை

தனியாக நிற்கும் பறவையின் அளவைப் படத்திலிருந்து சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்று தோன்றுவது பழக்கத்தின் மயக்கம். அருகில் இன்னொரு பறவை இருந்தாலும் எச்சரிக்கை தேவை, ஏனெனில் தொலைவிலிருப்பதைப் பெரிதாக்கும் நீண்ட கேமரா லென்ஸ் முன்னும் பின்னுமாக நிற்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவையாகக் காட்டிவிடும். இரு பறவைகளின் கால்களும் படும் தரை ஒரே தெளிவில் இருந்தால் மட்டுமே அவற்றை ஒப்பிடலாம். ஒன்றின் காலடி மணல் துல்லியமாகவும் மற்றதன் காலடி மணல் மங்கலாகவும் இருந்தால் ஒப்பீட்டைக் கைவிடுங்கள்.

அளவுக்கு மாற்றாகப் பறவையின் உடலுக்குள்ளேயே விகிதத்தைத் தேட வேண்டும். வெண்கொக்குகளில் இது அழகாக வேலை செய்கிறது. பெரிய வெள்ளைக் கொக்கையும் இடைப்பட்ட அளவுள்ள வெள்ளைக் கொக்கையும் உயரத்தால் பிரிக்க முயன்று தோற்றவர்கள், வாயின் பிளவுக்கோட்டைப் பார்த்தால் போதும்: பெரிய கொக்கில் அக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே நீளும், இடைக்கொக்கில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். அலகின் நிறத்தை இங்கே நம்பக் கூடாது, இரண்டிலும் அது இனப்பெருக்கக் காலத்தில் கறுப்பாகவும் மற்றக் காலத்தில் மஞ்சளாகவும் மாறுகிறது. சின்னக் கொக்குக்குக் கறுத்த காலும் மஞ்சள் பாதமும் உண்டு. பாதம் நீருக்குள் இருக்கும் படத்தைத்தான் புதிர் வைப்பவர் தேர்ந்தெடுப்பார் என்பதையும் நினைவில் வையுங்கள். நீர்க்காகங்களிலும் அப்படியே: சிறிய நீர்க்காகத்துக்குக் குட்டையாகத் தடித்த அலகு, கொண்டை நீர்க்காகத்துக்கு மெலிந்து நீண்ட, நுனி கொக்கியான அலகு.

கடற்கரையில் கூட்டமாக நிற்கும் கிரேட்டர் சேண்ட் ப்ளோவர், லெஸ்ஸர் சேண்ட் ப்ளோவர் என்ற இரு கரைப்பறவைகளுக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. அலகின் நீளத்தை எடுத்து, அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தொலைவோடு ஒப்பிட வேண்டும். அலகு அதைவிட நீளமாக இருந்தால் கிரேட்டர், சமமாகவோ குறைவாகவோ இருந்தால் லெஸ்ஸர். மேற்கு ஆசியாவில் இனப்பெருக்கம் செய்யும் கிரேட்டரின் கொலம்பினஸ் என்ற துணையினத்துக்கு அலகு குட்டையாக இருப்பதால், அது வந்து சேரும் கரைகளில் இந்த அளவுகோல் தனித்து நிற்காது.

இப்படி அளக்கும்போது தலை கேமராவுக்குச் சரியான பக்கவாட்டில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். தலை சிறிதளவு நம்மை நோக்கித் திரும்பினாலும் அலகு குறுகிவிடும், கண்ணுக்கும் அலகுக்கும் இடையிலான தொலைவோ அதே விகிதத்தில் குறுகாது. இரு கண்களும் தெரிந்தாலோ, எதிர்ப்பக்கப் புருவத்தின் ஓரம் எட்டிப் பார்த்தாலோ அளவு எடுக்க வேண்டாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் லோட்டன் தேன்சிட்டின் நீண்டு வளைந்த அலகு, இப்படிப்பட்ட கோணத்தில் ஊதாத் தேன்சிட்டின் அலகளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

அறிகுறி: இரண்டு இனங்களுக்கிடையே நாள் முழுதும் ஊசலாட்டம்

இந்த விளையாட்டின் இதயம் இங்கேதான் இருக்கிறது. விடையை இரண்டு இனங்களாகச் சுருக்கிவிட்டீர்கள். அதற்கு மேல் நகர முடியவில்லை. பெரும்பாலும் இதன் காரணம், இரண்டு இனங்களிலும் ஒன்றாகவே இருக்கும் அடையாளங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பதே. பழுப்பு முதுகு, வெளிர் வயிறு, மங்கிய புருவம் என்று பத்து அடையாளங்கள் பொருந்தினாலும் அவை எதிரினத்துக்கும் பொருந்தினால் அவற்றின் மதிப்பு சுழியம். ஒரு தாளை எடுத்து, இரண்டு இனங்களும் வேறுபடும் இடங்களை மட்டும் எழுதுங்கள். பட்டியல் பெரும்பாலும் மூன்று வரிகளைத் தாண்டாது. பிறகு அந்த மூன்றில் எது இந்தப் படத்தில் தெரிகிறது என்று மட்டும் பாருங்கள்.

ஐரோப்பாவின் கதிர்க்குருவிகளான சிஃப்சாஃபும் வில்லோ வார்ப்ளரும் இதற்குத் தகுந்த பாடம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்போர்ன் என்ற சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் வைட், தோற்றத்தில் ஒன்றெனவே எண்ணத்தக்க சிறு பறவைகளை அவற்றின் பாட்டைக் கேட்டு மூன்று இனங்களாகப் பிரித்துக் காட்டினார். இவ்விரண்டும் அவற்றுள் அடங்கும். எந்த அடையாளத்தால் இவை வேறென்று அறியப்பட்டனவோ அதையே புகைப்படம் நீக்கிவிடுகிறது. ஆகவே இவற்றைப் படத்தில் பிரிக்க முடியாமல் திணறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கால்நிறம் முதல் உதவி: சிஃப்சாஃபுக்குப் பொதுவாகக் கருமை, வில்லோ வார்ப்ளருக்குப் பொதுவாக வெளிர்நிறம். ‘பொதுவாக’ என்ற சொல்லைத் தாண்டிச் செல்ல வேண்டுமானால் இறக்கையின் அமைப்புக்குப் போக வேண்டும்.

மூடிய இறக்கையில், உடலை ஒட்டி மேலே படிந்திருக்கும் மூன்றாம்நிலை இறகுகளுக்கு அப்பால், இறக்கையின் வெளிநுனியை அமைக்கும் நீண்ட முதன்மை இறகுகளின் நுனிகள் எவ்வளவு தூரம் துருத்திக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள். தொலைதூரம் வலசை போகும் இனங்களில் இந்தத் துருத்தல் நீளமாகவும், குறைந்த தூரம் போகும் இனங்களில் குட்டையாகவும் இருப்பது பொது இயல்பு. சகாராவைக் கடந்து ஆப்பிரிக்காவின் தெற்குவரை செல்லும் வில்லோ வார்ப்ளரில் அது மூன்றாம்நிலை இறகுகளின் வெளித்தெரியும் நீளத்தில் முக்கால் பங்கிலிருந்து முழு அளவு வரை வரும். சிஃப்சாஃபில் ஏறக்குறைய பாதியோடு நிற்கும். இறக்கை விரிந்த படமாக இருந்தால் இன்னும் உறுதியான சான்று கிடைக்கும்: வெளிப்புறத்திலிருந்து எண்ணும்போது 3, 4, 5ஆம் முதன்மை இறகுகளின் வெளியோரம் இரண்டிலும் குறுகி உள்வாங்கியிருக்கும், 6ஆம் இறகும் அப்படிக் குறுகியிருந்தால் அது சிஃப்சாஃப். படத்தில் இறகுகளை எண்ணுவது முதலில் அலுப்பூட்டும் வேலையாகத் தோன்றும்; ஒளியாலும் கோணத்தாலும் மிகக் குறைவாகப் பாதிக்கப்படும் அடையாளம் அதுவே என்பதால் பழகிக்கொள்வது பயன் தரும்.

ஆசியாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் பிளித் நாணல் கதிர்க்குருவியையும் பூட்டட் வார்ப்ளர் என்ற இன்னொரு கதிர்க்குருவியையும் பிரிக்கப் பலர் முகத்தையே உற்றுப் பார்க்கிறார்கள். வாலடியைப் பார்ப்பது எளிது. நாணல் கதிர்க்குருவியில் வாலின் அடிப்பக்கத்தை மூடும் அடிமூடி இறகுகள் நீளமாக, வாலின் நுனி உருண்டு இருக்கும்; பூட்டட் வார்ப்ளரில் அடிமூடி குட்டை, வால்நுனி சதுரம், வெளிவால் இறகுகளின் ஓரம் வெளுத்திருக்கும். பறவை கிளைக்கு மேலே இருக்க, கீழிருந்து எடுத்த ‘மோசமான’ படம் இங்கே நல்ல படமாகிவிடுகிறது.

நெட்டைக்காலிகளில் கண் கீழே போக வேண்டும். ரிச்சர்டு நெட்டைக்காலியின் பின்விரல் நகம் நீண்டு, அதிகம் வளையாமல் இருக்கும். பிளித் நெட்டைக்காலியில் அது குட்டை, வளைவு மிகுதி. புல் மறைத்துவிட்டால் அலகுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட பகுதியைப் பாருங்கள்: வயல் நெட்டைக்காலியில் அது பெரும்பாலும் கருத்தும் ரிச்சர்டில் வெளிறியும் இருப்பதால் முகபாவமே மாறித் தெரியும்.

பொரி உள்ளானையும் அதைப் போன்ற கரைப்பறவையான கிரீன் சாண்ட்பைப்பரையும் குறித்து ஒரே வரி போதும்: புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே நீண்டால் பொரி உள்ளான், கண்ணுக்கு முன்னாலேயே முடிந்தால் மற்றது, பறக்கும் படமானால் இறக்கையின் அடிப்பக்கம் வெளிர்ந்திருந்தால் முன்னது, கருத்திருந்தால் பின்னது.

அறிகுறி: பறக்கும் வேட்டைப்பறவை நிழலுருவாகவே தெரிகிறது

வானத்துக்கு எதிரே எடுத்த படத்தில் நிறத்தைத் தேடிப் படத்தை வெளிறச் செய்வதே பலரின் முதல் முயற்சி. அதனால் கிடைப்பது பெரும்பாலும் கேமரா உண்டாக்கும் இரைச்சல் (நாய்ஸ்) புள்ளிகளே; அவற்றைச் சிலர் மார்புக் கோடுகளாக வாசித்தும் விடுகிறார்கள். நிழலுருவத்தில் நன்றாகத் தெரிவது விளிம்பு. ஆகவே விளிம்பில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

இறக்கை நுனியில் விரல்களாகப் பிரிந்து நிற்கும் முதன்மை இறகுகளை எண்ண வேண்டும். வல்லூற்றுக்கு (ஷிக்ரா) ஐந்து, அதன் உறவான யுரேசியன் ஸ்பேரோஹாக்குக்கு ஆறு. ஆசியாவின் தேன் பருந்துக்கு ஆறு, ஐரோப்பாவின் தேன் பருந்துக்கு ஐந்து. பூனைப்பருந்துகளில் ஹென் ஹாரியருக்கு ஐந்து, பாலிட் ஹாரியர், மாண்டேகு ஹாரியர் இரண்டுக்கும் நான்கு. இறக்கை பாதி மடிந்திருந்தால் ஒரு விரல் மறைந்துவிடும் என்பதால், எண்ணிக்கை குறைவாக வரும்போது ஐயப்படுங்கள். கூடுதலாக வரும்போது நம்பலாம், ஒரே ஒரு நிபந்தனையுடன்: உதிர்ந்த இறகின் இடைவெளியை விரல் இடைவெளியாக எண்ணியிருக்கக் கூடாது.

தேன் பருந்தின் இறகுக்கோலம் வெளிறியதிலிருந்து கரும்பழுப்பு வரை தனிப்பறவைக்குத் தனிப்பறவை வேறுபடும். அதைக் கோலத்தால் அடையாளம் காண முயல்பவர் ஒவ்வொரு முறையும் வேறொரு கழுகின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார். நீண்ட கழுத்தில் சிறிய தலை முன்னே நீட்டிக்கொண்டிருப்பதே அதில் மாறாதது.

வாலின் வடிவத்தையும் கேள்வியின்றி ஏற்கக் கூடாது. கள்ளப்பருந்தின் வால் பிளவுபட்டது என்பது எல்லோரும் அறிந்தது. திரும்புவதற்காக வாலை முழுதும் விரிக்கும்போது அந்தப் பிளவு மறைந்து வால் ஏறக்குறைய நேர்விளிம்பாகிவிடும். இளம் செம்பருந்தின் வால்நுனியோ உருண்டையானது. எந்தக் கணத்தில் எடுத்த படம் என்று தெரியாமல் இரண்டையும் வாலைக் கொண்டு மட்டும் பிரிப்பது ஆபத்து.

கழுகு அமர்ந்திருந்து முகம் தெளிவாகக் கிடைத்தால் நல்வாய்ப்பு. ஸ்டெப்பிக் கழுகில் மஞ்சள் வாய்ப்பிளவு கண்ணின் பின்விளிம்பு வரை நீளும். பெரும்புள்ளிக் கழுகில் கண்ணின் நடுப்பகுதிக்குக் கீழேயே முடியும், நாசித்துளையும் வட்டமாக இருக்கும். வல்லூறா, அதைப் போன்ற கோலங்கொண்ட அக்காக்குயிலா என்று ஐயம் வந்தால் அலகைப் பாருங்கள்: கொக்கியாக வளைந்து கிழிப்பதற்கு அமைந்த அலகு வல்லூற்றுக்கே உண்டு. விரல்கள் முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாகக் கிளையைப் பற்றியிருந்தால் அது குயில்.

அறிகுறி: பாதி அடையாளம் ஓர் இனத்துக்கும் மீதி இன்னோர் இனத்துக்கும் பொருந்துகிறது

இந்த நிலையில் ‘கலப்பினம்’ என்ற விடை உடனே நாவில் வந்து நிற்கும். அதைக் கடைசி இடத்துக்குத் தள்ளுங்கள். அதற்கு முன் வரவேண்டியவை வயது, இறகுதிர்ப்பு (பழைய இறகு உதிர்ந்து புதியது முளைப்பது), பருவம் ஆகிய மூன்று.

பெரிய கடற்காகங்கள் முழு வளர்ச்சிக் கோலத்தை அடைய ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டிலும் முதுகின் சாம்பல், அலகின் நிறம், வாலின் பட்டை வேறு வேறு. ஆகவே கடற்காகப் படம் வந்தால் ‘எந்த இனம்’ என்று கேட்பதற்கு முன் ‘எத்தனையாவது ஆண்டு’ என்று கேட்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் இரண்டாம் ஆண்டுப் பறவையை வேறோர் இனத்தின் வளர்ந்த பறவையாகக் கொண்டுவிடுகிறார்கள்.

வளர்ந்த பறவையிலும் புதிய இறகும் பழைய இறகும் அருகருகே இருக்கும் மாதங்கள் உண்டு. பழைய இறகின் ஓரம் தேய்ந்து வெளிறியிருக்கும்; வெளிர் ஓரம் தேய்ந்து போனால் முதுகிலுள்ள செதில் அமைப்பே காணாமல் போகும். மெலிந்த இறக்கைப்பட்டை ஒன்றைக் கொண்டு பச்சைநிறக் கதிர்க்குருவிகளை அடையாளம் காண்போர், அந்தப் பட்டை தேய்ந்து அழியக்கூடியது என்பதை மறந்துவிடுகிறார்கள். இறகுகளில் வெள்ளைத் திட்டுகள் இருபுறமும் சமச்சீரின்றிச் சிதறிக் கிடந்தால் லூசிசம் என்ற நிறக்குறைபாட்டை எண்ணிப் பார்க்கலாம். அப்போது நிறத்தை விட்டுவிட்டு உருவ விகிதங்களை மட்டும் கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

பறவையின் பருமன்கூட நிலையானதன்று. குளிரில் இறகுகளைப் பொதுக்கி அமர்ந்த பறவை கழுத்தில்லாத உருண்டையாகத் தெரியும். அதே பறவை அச்சத்தில் உடலை ஒடுக்கி நிமிர்ந்தால் வேறோர் இனத்தின் மெலிவைக் காட்டும்.

அறிகுறி: அடையாளம் எல்லாம் பொருந்துகிறது, அந்தப் பறவை அங்கே இருக்க வழியில்லை

இடத்தையும் தேதியையும் மீண்டும் கேளுங்கள். கேமராவின் கடிகாரம் தவறியிருக்கலாம். படம் எடுத்த ஊரும் வெளியிட்டவரின் ஊரும் வேறாக இருக்கலாம். இனங்களின் எல்லையே மாறியிருக்கலாம்: லெஸ்ஸர் சேண்ட் ப்ளோவரும் உண்ணிக்கொக்கும் அண்மை ஆண்டுகளில் தனித்தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளதால், பழைய கையேட்டின் விடையும் புதிய பட்டியலின் விடையும் ஒத்துப்போகாது. இவை எதுவும் இல்லை என்றால் மட்டுமே வழிதவறி வந்த அரிய பறவை என்ற முடிவை நோக்கிச் செல்லலாம்.

அறிகுறி: செயலி ஒன்று சொல்கிறது, விளையாடுவோர் வேறு சொல்கிறார்கள்

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் போன்ற செயலிகள், கொடுக்கப்பட்ட இடத்தையும் தேதியையும் படத்தோடு சேர்த்துப் பார்த்துப் பெயர்களைப் பரிந்துரைக்கின்றன. இடத்தைத் தவறாகக் கொடுத்தால் விடை திசை மாறுவது இயல்பே. பறவை படச்சட்டத்துக்குள் சிறிதாக இருந்தால் அதைச் சுற்றி வெட்டிக் கொடுங்கள். முதல் பரிந்துரையோடு நிறுத்தாமல் இரண்டாவது, மூன்றாவது பெயர்களையும் எடுத்து, முன்சொன்ன வேறுபாட்டுப் பட்டியலை அவற்றுக்கிடையே எழுதிப் பாருங்கள். செயலியை ஆட்டத்தின் நடுவராக வைப்பதைவிட, ஐயப்பட வேண்டிய இனங்களைத் தேர்ந்து தரும் உதவியாளராக வைப்பது பொருத்தம் என்பது என் கருத்து.

இதோடு தொடர்புடைய புதிய கோளாறு ஒன்று பெருகி வருகிறது. மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் கூர்மையாக்கும்போது, மென்பொருள் அங்கே இல்லாத இறகு விளிம்புகளையும் கோடுகளையும் தானாகவே வரைந்துவிடுகிறது. அலகின் விளிம்பு அளவுக்கு மீறித் தெளிவாகவும், பாதத்தின் நகங்கள் குழம்பியும் இருந்தால் மூலப்படத்தைக் கேளுங்கள். மூலப்படம் வராத வரை இறகுகளை எண்ணுவதில் பொருளில்லை.

அறிகுறி: எல்லோரும் ஒரே விடை சொன்னார்கள், எல்லோரும் தவறினார்கள்

முதலில் பேசியவர் அனுபவசாலியாக இருந்தால் இது நிகழ்கிறது. அவர் சொன்ன பெயரைக் கேட்ட பின் மற்றவர்களின் கண் அந்த இனத்துக்குரிய அடையாளங்களை மட்டும் தேடிப் பிடிக்கிறது. தீர்வு நடைமுறையானது: மற்றவர்களின் விடையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் விடையையும், அதற்குரிய ஒரே வலுவான காரணத்தையும், எது தெரிந்தால் அந்த விடையைக் கைவிடுவீர்கள் என்பதையும் எழுதி வைத்துவிட வேண்டும். மூன்றாவதை எழுத முடியாவிட்டால் உங்களிடம் இருப்பது ஊகம் மட்டுமே.

இன்னொரு காரணமும் உண்டு. களத்தில் ‘பொதுவாகக் காணப்படும் பறவையே முதலில்’ என்ற விதி நன்றாக வேலை செய்கிறது. விளையாட்டில் படத்தை இயற்கை தருவதில்லை. சிக்க வைக்க நினைக்கும் ஒருவர் தேர்ந்தெடுத்துத் தருகிறார். அதனால் அரிய பறவைகளின் பங்கு இங்கே கூடுகிறது. இதை உணர்ந்த பலர் எதிர்த்திசையில் அளவுக்கு மீறிச் சாய்ந்து, விசித்திரக் கோணத்தில் எடுத்த மைனாவுக்குக்கூட அரிய பெயர் ஒன்றைச் சூட்டிவிடுகிறார்கள். தேர்ந்த புதிர்க்காரர்களின் மிக வலிய ஆயுதம், வழக்கமான பறவையின் வழக்கமற்ற படம்தான். இந்தச் சாய்வு இல்லாமல் பயிற்சி பெற விரும்புவோருக்கு, பறவை நோக்குவோர் தம் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்டு தளத்தின் படப் புதிர் உதவும்; இடத்தையும் தேதியையும் தந்தால், அங்கு அப்போது காணக்கூடிய பறவைகளின் படங்களை 20 கேள்விகளாகத் தருகிறது. அவற்றை எடுத்தவர்கள் யாரையும் ஏமாற்ற எண்ணி எடுத்தவர்கள் அல்லர்.

அறிகுறி: எவ்வளவு பார்த்தும் விடை வரவில்லை

சில படங்களில் விடை இல்லை. பின்டெயில் உள்ளானும் ஸ்வின்ஹோ உள்ளானும் தரையில் நிற்கும் படத்தில் பெரும்பாலும் பிரிக்க முடியாதவை. அவற்றை உறுதியாகப் பிரிப்பது வால் இறகுகள்: பின்டெயிலில் வழக்கமாக 24 முதல் 28 வரை இருந்து, வெளிப்புற இறகுகள் ஊசியாக மெலிந்திருக்கும், ஸ்வின்ஹோவில் சுமார் 20, வெளிப்புறத்தவை அவ்வளவு மெலிவதில்லை. கோரை உள்ளானுக்கு வழக்கமாக 14 வால் இறகுகள்; பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெண்கோடு தெரிவதால் அதை மட்டும் தனியே பிரித்துவிடலாம். வால் விரியாத படத்துக்கு ‘பின்டெயில் அல்லது ஸ்வின்ஹோ’ என்பதே முழுமையான விடை. இபேர்டு பட்டியலிலும் இப்படி இரண்டு இனங்களைச் சேர்த்துப் பதியவும், பேரின அளவில் நிறுத்திக்கொள்ளவும் இடமுண்டு. விளையாட்டின் மதிப்பெண் முறை இத்தகைய விடையைத் தண்டிப்பதாக இருந்தால், மாற்ற வேண்டியது மதிப்பெண் முறையை.

புதிர் வைப்பவருக்கும் இதில் கடமை உண்டு. தான் சொல்லும் விடைக்குரிய சான்று வெளியிட்ட படத்திலேயே இருக்கிறதா என்பதை அவர் முன்னரே பார்த்திருக்க வேண்டும். குரலைக் கேட்டு அறிந்த இனத்தைப் படமாக மட்டும் வைத்து, விடை சொல்லும் நாளில் குரலைக் காரணமாகக் காட்டுவது ஆட்டத்துக்கு உரியதன்று. இடமும் மாதமும் படத்துடன் வர வேண்டும். கோப்பின் பெயரில் பறவையின் பெயர் இருந்தால் மாற்றிவிட வேண்டும், நம்புவதற்கு அரிதாக இருந்தாலும் இது அடிக்கடி நடக்கிறது. தொடர்ந்து எடுத்த படங்களில் அழகானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட வேண்டாம். உள்ளான் எழுந்து பறக்கும் கணத்தில் வாலை விரித்த மங்கிய படம் ஒன்று அந்த வரிசையில் இருந்தால், இறகுகளை எண்ண அது போதும்.